காலுக்கடியில் கணப்பு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் ஜனவரி இரவுகளில் குளிர் உறைநிலைக்கும் பத்து டிகிரி கீழே போய்விடும். அந்த ஊரில் 1937-இல் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகையாளருக்கு, கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் ஒரு சின்ன வீடு கட்டிக் கொடுத்தார். மொத்தச் செலவு 5,500 டாலர். சிவப்பேற்றிய காங்கிரீட் தரை. அதற்கடியில் குழாய்களை ஓடவிட்டு, அவற்றின் வழியே வீட்டுக்குச் சூடேற்றினார். கணப்பும் அலங்காரமும் ஒரே தரைக்குள் அடங்கின. டோக்கியோவில் ஒரு பிரபுவின் வீட்டில், தரையடியில் சூடு பரவும் கொரிய அறை ஒன்றில் உட்கார்ந்தபோது ரைட்டுக்குக் கிடைத்த யோசனை அது. கொரியர்கள் அதை ஓண்டோல் என்பார்கள். ஜேக்கப்ஸ் வீடு 2019-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இன்று வட அமெரிக்காவில் புது வீடு கட்டுவோர் பலர் கணப்பும் அலங்காரமும் சேர்ந்த இந்தத் தரையை விரும்பிக் கேட்கிறார்கள். ஆனால் இதற்கு ஒரு கசப்பான முன்கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நியூயார்க் அருகே லெவிட்டவுனில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் காங்கிரீட் தளத்திலேயே செம்புக் குழாய் பதித்தார்கள். ஆண்டுகள் போகப் போகப் பல வீடுகளில் குழாய் ஒழுகியது. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே தரையை உடைக்க வேண்டும். பலர் அந்தக் குழாய்களை அப்படியே கைவிட்டுவிட்டு, சுவரோரச் சூடேற்றிக்கு மாறினார்கள். அந்த பயத்தைப் போக்கியது பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய். வளையும், துருப்பிடிக்காது, ஒரு சுற்று முழுவதையும் ஒட்டே இல்லாமல் ஒரே துண்டாகப் பதிக்கலாம்.

குழாய் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. இந்தத் தரையின் தலையெழுத்து காங்கிரீட் கொட்டுவதற்கு முந்தைய நாளே முடிவாகிவிடுகிறது. முதலில் நன்றாகத் திமிசு போட்டு இறுக்கிய ஜல்லி. அதன்மேல் ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக் விரிப்பு. அதற்குமேல் சுமார் இரண்டு அங்குல கெட்டி நுரைப்பலகை. செலவு மிச்சம் என்று இதை விட்டுவிட்டால் வீட்டுக்கு வரவேண்டிய சூட்டில் கணிசமான பங்கு மண்ணுக்குப் போய்விடும். தளத்தின் வெளிவிளிம்பிலும் நுரைப்பலகை கட்டாயம். பிறகு கம்பி வலை, அதில் சுமார் ஓர் அடி இடைவெளியில் கட்டிய அரை அங்குலக் குழாய். ஒரு சுற்று 300 அடியைத் தாண்டினால் கடைசிப் பகுதிக்கு வரும் தண்ணீர் ஆறிப்போயிருக்கும்; பம்புக்கும் சிரமம்.

குழாயில் காற்றை ஏற்றி, அழுத்தமானியைப் பொருத்திவிட்டுத்தான் காங்கிரீட் கொட்ட வேண்டும். யாராவது மண்வெட்டியால் குழாயைக் குத்திவிட்டால் முள் இறங்கும், அப்போதே சரிசெய்துவிடலாம். மூடுவதற்கு முன் அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் அறையையும் படம் பிடித்துக்கொள்வது, பின்னாளில் தரையில் துளை போட வருபவருக்குச் செய்யும் பெரிய உதவி. விரிசலை நேர்கோட்டுக்குள் அடக்க, நான்கு அங்குலத் தளத்தில் ஓர் அங்குல ஆழத்துக்கு ரம்பத்தால் கோடு கீறுவார்கள். குழாய் அந்த ஆழத்துக்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும்.

இனி நிறம். நம் ஊர்ப் பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரையில், இரும்பு ஆக்சைடு பொடியைச் சிமென்ட்டில் கலந்து கரணையால் தேய்த்து மெருகேற்றுவார்கள். காங்கிரீட் இறுகியபின் மேலே பூசும் ஆசிட் கறை வேறு வகை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைந்திருக்கும் இரும்பு, மாங்கனீசு, செம்பு உப்புகள் காங்கிரீட்டில் இருக்கும் சுண்ணாம்போடு வினைபுரிந்து நிறமாகப் படிகின்றன. பழுப்பு, தேன் நிறம், கருங்காப்பி நிறம், செம்பிலிருந்து நீலப்பச்சை. பெயின்ட் போல உரியாது. ஆனால் அட்டையில் பார்த்த நிறம் அப்படியே வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஒரே கலவை ஒரு மூலையில் மேகமாகவும் இன்னொரு மூலையில் தோலாகவும் தெரியும். அந்தச் சீரற்ற அழகுதான் இதன் உயிர் என்பது என் எண்ணம். அலமாரிக்குள் மறையப்போகும் மூலையில் முதலில் பூசிப் பார்த்துவிடுவது நல்லது.

காங்கிரீட் எதையும் மறக்காது. பிளம்பர் சிந்திய பசை, ஆணியின் துரு, நாள்கணக்கில் கிடந்த ஒட்டுப் பலகை, எல்லாம் கறை பூசியதும் மேலே தெரியும். ஈரம் காக்க அடிக்கும் ரசாயனப் பூச்சு இருந்தால் ஆசிட் உள்ளே இறங்கவே இறங்காது. பொதுவாக 28 நாள் பொறுத்துத்தான் பூசுவார்கள். நிறம் பிடித்தபின் சமையல் சோடா கரைசலாலோ அம்மோனியா கலந்த தண்ணீராலோ அமிலத்தை அடக்கி, கழுவும் தண்ணீர் தெளியும்வரை கழுவி, உலரவிட்டு, சீலரும் மெழுகும் பூச வேண்டும். செம்பு நிறங்கள் அடியில் ஈரம் நின்றால் கறுத்துப்போகும்.

சீக்கிரம் உலரட்டும் என்று புதுத் தளத்தில் சுடுநீரை ஓடவிடுவது பெரிய தவறு, விரிசல் விடும். காங்கிரீட் இறுகியபின் நாளுக்குச் சில டிகிரியாகத்தான் சூட்டை ஏற்ற வேண்டும். தினசரிப் பயன்பாட்டுக்கு 35 முதல் 45 டிகிரி செல்சியஸ் தண்ணீரே போதும். நடமாடும் இடங்களில் தரைமேல் 29 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது நடைமுறையில் உள்ள வரம்பு. தடித்த கம்பளம் போட்டால் சூடு மேலே வராது. கறையேற்றிய வெறும் காங்கிரீட் அதைத் தடையில்லாமல் கடத்தும். கணப்பும் கறையும் பொருந்திப்போக அதுவே காரணம்.

குறைகளும் உண்டு. தரை கெட்டியானது, நெடுநேரம் நின்று சமைப்பவருக்குக் கால் வலிக்கும். மயிரிழை விரிசலைக் கறை மறைக்காது, எடுத்துக்காட்டும். அதைப் பார்த்து மனம் நோகிறவர்கள் டைல்ஸ் போட்டுக்கொள்ளட்டும். சூடேறவும் ஆறவும் மணிக்கணக்காகும். அதனால் இரவில் குறைத்துக் காலையில் கூட்டும் பழக்கம் இங்கே பலிக்காது. பனிப்புயலில் மின்சாரம் போய் பாய்லர் நின்றுவிட்டால் மட்டும் அந்த மந்தம் கைகொடுக்கும்: வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, தரை தன்னிடம் தேங்கிய சூட்டை நெடுநேரம் கொஞ்சங்கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கும்.