போலீஸ்காரரைப் பூச்சாண்டி ஆக்கலாமா?

“போனை வைக்கிறியா, இல்லையா?” என்று கேட்டால் நாலு வயதுப் பிள்ளை “மாட்டேன்” என்றுதான் சொல்லும். அடுத்து நம் குரல் உயரும். அதுவும் பலிக்காவிட்டால் ஊரில் உள்ளவர்களை எல்லாம் துணைக்குக் கூப்பிடுவோம். “இரு, போலீஸ்கிட்ட பிடிச்சுக் கொடுக்கிறேன்.” “டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்.”

பிள்ளை அப்போதைக்கு அடங்கிவிடும். என் கவலை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றித்தான். திருவண்ணாமலை தீபத்துக்கு வரும் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறவர்கள் போலீசார். அந்தக் கூட்டத்தில் கைநழுவிப் போன பிள்ளை, காக்கிச் சட்டையைக் கண்டதும் ஓடி ஒளிந்தால்? காய்ச்சலில் துவண்ட பிள்ளை ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்ததுமே திமிறினால், டாக்டர் எப்படிச் சோதிப்பார்? ஆபத்தில் யாரிடம் ஓட வேண்டுமோ அவர்களையே பூச்சாண்டி ஆக்கிவிடுகிறோம். “அப்பா வரட்டும்” என்பதும் இதே ரகம். பகலெல்லாம் உழைத்துவிட்டு வருகிற மனிதரைப் பார்த்துப் பிள்ளை ஏன் நடுங்க வேண்டும்?

பயமுறுத்தித்தானே நாங்கள் வளர்த்தோம் என்பார்கள் பாட்டிமார்கள். சோறூட்டும்போது வரும் கதைப் பூச்சாண்டியோடு எனக்குச் சண்டை இல்லை; நிஜ மனிதர்களைப் பூச்சாண்டி ஆக்குவதோடுதான். சரி, பயமுறுத்தாமல் பிள்ளையை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

இஸ்ரேலில் ஆசிரியராக இருந்து, அமெரிக்காவில் குழந்தை உளவியலாளர் ஆனவர் ஹெய்ம் கினாட். 1965-இல் வெளிவந்த ‘பிட்வீன் பேரன்ட் அண்ட் சைல்ட்’ நூலில் அவர் காட்டிய வழி இது: பிள்ளை எதற்கும் ஆசைப்படலாம், எதற்கும் கோபப்படலாம், வரம்பு செயலுக்கு மட்டும்தான். நம் வீட்டில் அதை இப்படிச் சொல்லலாம்: “இன்னும் பார்க்க ஆசையா இருக்கா கண்ணு? இன்னிக்கு இது போதும். நீயே தர்றியா, அம்மா எடுத்துக்கட்டுமா?” தம்பியை அடிக்கக் கை ஓங்கினால், கையைப் பிடித்துக்கொண்டு, “அடிக்க விடமாட்டேன். கோபம்னா என்கிட்ட சொல்லு.” அவ்வளவுதான். மறுபடி சொல்ல நேர்ந்தாலும் அதே சொற்கள், அதே குரல். அழுதால் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அழுகைக்கு இரங்கிப் போனைத் திருப்பிக் கொடுத்தால், நாளைக்கு இன்னும் சத்தமாக அழ நாமே கற்றுக்கொடுத்தது போலாகும்.

பள்ளியில் அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் தடுக்கிறது. நம் வீட்டு அடுக்களைக்குள் அந்தப் பிரிவு வராது; அங்கே பயமுறுத்தாமல் இருப்பது நம் பொறுப்புதான்.

ஏற்கெனவே பயமுறுத்தியாகிவிட்டதா? அடுத்த முறை சிக்னலில் நிற்கும் போலீஸ்காரருக்குப் பிள்ளையை வணக்கம் சொல்லச் சொல்லுங்கள். “அம்மாவைக் காணோம்னா இவங்ககிட்டதான் போகணும்” என்று காட்டுங்கள். ஊசிக்குப் போகும்போது வலிக்காது என்று பொய் வேண்டாம். “கொஞ்சம் வலிக்கும், என் மடியில உக்காந்துக்கோ” என்றால் போதும். எண்கள் படிக்கத் தெரிந்ததும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்ய வையுங்கள்.