மேலதிக விளக்குப் பூட்டுமுன் ஒரு கணக்கு

எமது கிராமங்களில் மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருள் அல்ல. குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணித் தாய்மாரைப் பார்க்கப் போவதும், மீனவர் விடியுமுன் கரைக்குப் போவதும், வயற் காவல் முடித்து விவசாயி வீடு திரும்புவதும் அதிலேதான். 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல் மீண்டும் அனுமதி கிடைக்கும் வரை, இருந்த பழைய மோட்டார் சைக்கிள்களையே திருத்தித் திருத்தி ஓட வேண்டியிருந்தது. அவற்றிற் பல இன்றும் ஓடுகின்றன.

இவற்றின் மேல் இப்போது புதிய சுமைகள் ஏறுகின்றன. யானை நடமாடும் வன்னித் தெருக்களில் தூரத்தே பார்ப்பதற்கு எல்.ஈ.டி. விளக்கு, கைத்தொலைபேசிக்குச் சார்ஜர், சத்தமான ஹோர்ன் என ஒவ்வொன்றும் தேவையானதே. ஆனால் கணக்குப் பாராமல் பூட்டினால், வெளிச்சத்துக்காகப் பூட்டிய விளக்கே எம்மை நடுவழியில் இருட்டில் நிறுத்திவிடும்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

பற்றரியிலிருந்து வருகிறது என்றே பலரும் நினைக்கின்றனர். பற்றரி மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் இடம் மாத்திரமே. எஞ்சினின் பக்க மூடிக்குள் சுழலும் காந்தமும், அதனோடுள்ள செப்புக் கம்பிச் சுருள்களுமே மின்சாரத்தைப் பிறப்பிக்கின்றன. றெகுலேற்றர் அதனைப் பற்றரிக்கு ஏற்றவாறு மாற்றி, அளவு மீறாமலும் பார்த்துக்கொள்கிறது.

இதனை எமது குளங்களோடு ஒப்பிடலாம். பற்றரி குளம் என்றால், காந்தச் சுருள் குளத்துக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால். விளக்கும் ஹோர்னும் மதகுகள். வரும் நீரிலும் கூடுதலாக மதகைத் திறந்தால் குளம் வற்றும். குளக்கட்டை உயர்த்துவதால் மழை கூடுவதில்லை. அதுபோலவே பெரிய பற்றரி போட்டாலும் வற்றும் நேரம் சற்றுப் பிந்துமே தவிர, வரவு கூடாது.

காரிலுள்ள ஆல்ரனேற்றர் தேவைக்கேற்பத் தன் காந்தப் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும். சிறிய மோட்டார் சைக்கிளில் இருப்பதோ நிலையான காந்தம். எஞ்சின் வேகமே அதன் வரவைத் தீர்மானிக்கும். குழி விழுந்த தெருவில் மெதுவாக ஊர்ந்து போகும்போது வரவு குறையும். மேலதிக விளக்கு அதிகம் தேவைப்படுவதும் அந்த வேளையிலேதான்.

வரவும் செலவும்

வாற் அளவை வோல்ற்றாற் பிரித்தால் அம்பியர் கிடைக்கும். 12 வோல்ற் மோட்டார் சைக்கிளில் 36 வாற் விளக்கு 3 அம்பியர் எடுக்கும். பழைய 100 சி.சி. மோட்டார் சைக்கிள்கள் பலவற்றின் முழு வரவும் 100 வாற்றை எட்டாது.

உதாரணமாக, வரவு 90 வாற் என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைற் 35, பின் விளக்கு 5, மீற்றர் விளக்குகள் 5, எஞ்சினின் தீப்பொறிக்கு 15 எனச் செலவு 60 வாற். பிரேக் விளக்குக்கும் சிக்னலுக்குமென 10 ஒதுக்கினால் மிச்சம் 20 வாற் மாத்திரமே. அதற்குள் 10 வாற் எல்.ஈ.டி. விளக்கு இரண்டு பூட்டலாம். அல்லது ஒரு விளக்கும், ஏறத்தாழ 10 வாற் எடுக்கும் ஒரு கைத்தொலைபேசிச் சார்ஜரும் பூட்டலாம். எல்லாவற்றையும் ஒன்றாக எரித்தால் பற்றரி கடனில் ஓடும். பழைய பாணி 55 வாற் ஹலோஜன் விளக்கு இரண்டு பூட்டினால் 110 வாற். அது முழு வரவையும் விடக் கூடியது!

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாற் அளவை அப்படியே நம்பிவிடக் கூடாது. மல்ரிமீற்றரால் அம்பியரை அளந்து பார்ப்பதே நிச்சயம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எஞ்சின் ஓடினால் மட்டுமே ஹெட்லைற் எரிந்து, அக்சிலேற்றரைத் திருகத் திருக வெளிச்சமும் கூடுகிறதா? அப்படியானால் அந்த விளக்குக்கு மின்சாரம் பற்றரியிலிருந்து வரவில்லை, சுருளிலிருந்து நேரே வருகிறது. இத்தகைய மோட்டார் சைக்கிள்களில் பற்றரிக்குக் கிடைக்கும் பங்கு மிகச் சிறிது. அவற்றில் மேலதிகப் பொருள்களை இன்னும் குறைத்தே பூட்ட வேண்டும்.

மீற்றர் சொல்லும் உண்மை

ஒரு சாதாரண மல்ரிமீற்றர் இருந்தால் எவரும் இதனைச் சோதிக்கலாம். நல்ல பற்றரி, எஞ்சின் நிறுத்திச் சில மணி நேரத்தின் பின் 12.6 வோல்ற் அளவில் காட்டும். எஞ்சினை ஓட்ட வேகத்துக்குக் கொண்டுவந்தால் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். பின்னர் ஹெட்லைற்றையும் புதிய விளக்குகளையும் சார்ஜரையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். 13 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் செலவு வரவை மிஞ்சிவிட்டது. ஏதாவது ஒன்றைக் கழற்றத்தான் வேண்டும். 15 வோல்ற்றுக்கு மேலே போனால் றெகுலேற்றர் பழுது. உடனே திருத்தாவிட்டால் பற்றரியும் மின்குமிழ்களும் கெட்டுவிடும்.

பழைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றைப் பற்றரி செத்தாலும் உதைத்து ஸ்ரார்ட் செய்யலாம். பெற்றோல் இன்ஜெக்‌ஷன் உள்ள புதியவையும், தீப்பொறிக்குப் பற்றரியை நம்பியிருப்பவையும் அப்படியல்ல. பற்றரி வற்றினால் அவை ஓடா.

பூட்டும் முறை

வேலை தொடங்குமுன் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். மேலதிகப் பொருளுக்கான வயர் பற்றரியின் பொசிற்றிவ் முனையிலிருந்து புறப்பட்டால், அம்முனைக்கு அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். 20 வாற் விளக்குக்கு 3 அம்பியர் பியூஸ் போதும். வயர் அந்தப் பியூஸைவிடக் கூடிய அம்பியர் தாங்கக்கூடிய தடிப்பில் இருக்க வேண்டும். பியூஸ் எரிந்தால் அதற்குப் பதிலாகச் செப்புக் கம்பியோ சிகரெட் பெட்டித் தாளோ வைப்பது பெரும் ஆபத்து. வயர்கள் பெற்றோல் தாங்கிக்குக் கீழேயே போகின்றன என்பதை மறக்க வேண்டாம்.

திறப்பை எடுத்ததும் மின்சாரம் நிற்கும்படி றிலே ஒன்றின் ஊடாகப் பூட்டுவதே சிறந்தது. பற்றரியோடு நேரே பூட்டிய சார்ஜர், தொலைபேசி இல்லாதபோதும் சிறிது மின்சாரம் குடிக்கும். அது 20 மில்லி அம்பியர் என்றாலும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை அம்பியர்-மணி. 3 அம்பியர்-மணி பற்றரி ஆறு நாளில் வெறுமையாகும்.

ஹாண்டில் திரும்பும் இடத்தில் வயர் இழுபடாமலும் உரசாமலும், சைலன்சரிற் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய விளக்கைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பிப் பூட்டுங்கள். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் எமக்கும் பாதுகாப்பல்ல, அவருக்கும் பாதுகாப்பல்ல.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு தம் உவமையிற் கூறினார். கடையில் விளக்கைக் கையிலெடுக்கும்போது எமக்கும் அந்தக் கணக்கு வேண்டும். ஒரு துண்டுக் கடதாசியும் ஒரு மீற்றரும் பத்து நிமிடமும் அதற்குப் போதும். இரவில் ஒரு வீட்டிலிருந்து அவசர அழைப்பு வரும்போது, அந்தப் பத்து நிமிடத்தின் பெறுமதி தெரியும்.