பாலுக்கு முன்னால் களத்தைச் சோதியுங்கள்

2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368 மாதிரிகளில் அஃப்லடாக்ஸின் எம்1 என்ற நஞ்சு வரம்பை மீறியிருந்தது. அவற்றில் 88 தமிழ்நாட்டுடையவை. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. இது யாரும் பாலில் கலந்த கலப்படமல்ல. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தையோ கடலைப் புண்ணாக்கையோ மாடு தின்றால், அதிலுள்ள நஞ்சை ஈரல் உருமாற்றிப் பாலில் இறக்கிவிடுகிறது. காய்ச்சினாலும் போகாது. பீளமேட்டில் குழந்தைக்கு ஆற்றிக் கொடுக்கும் பால் எப்படிப்பட்டது என்பது உடுமலை, பல்லடம் பக்கத்துக் களங்களிலும் தீவனக் குடோன்களிலுமே முடிவாகிவிடுகிறது. சோதனையும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

தானியத்தை அள்ளிப் பார்த்து, முகர்ந்து, பல்லில் கடித்துத் தரம் சொல்லும் அனுபவசாலிகள் இருக்கும்போது கருவி எதற்கு என்று கேட்கலாம். கடித்தால் மணி காய்ந்திருக்கிறதா என்று தெரியும், உண்மைதான். ஆனால் இந்த நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வெயிலில் காயவைத்தால் பூஞ்சணம் வளர்வது நிற்கும், ஏற்கெனவே சுரந்த நஞ்சு முழுதும் போய்விடாது. புற ஊதா விளக்கில் உடைந்த மணிகள் பச்சை கலந்த மஞ்சளாக மின்னும். அந்த ஒளி அதே பூஞ்சணம் சுரக்கும் வேறொரு பொருளால் வருவது. ஆகவே விளக்கு சந்தேகத்தைத்தான் எழுப்பும். உறுதிசெய்ய ஆய்வகம் வேண்டும். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. உணவுத் தானியத்துக்கு நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது ஒரு டன்னுக்கு 15 மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவிலுள்ள நஞ்சும் பரவலாக இராது, சில மணிகளிலேயே குவிந்திருக்கும். குத்தூசியால் ஒரே மூட்டையில் குத்தி எடுத்த கைப்பிடி சுத்தமாக இருந்துவிட்டால், மொத்த லோடும் தப்பிவிடும். பல மூட்டைகளிலிருந்து எடுத்து, ஒன்றாக அரைத்து, அதிலிருந்து மாதிரி எடுத்தால்தான் அந்த முடிவை நம்பலாம்.

இத்தனை செலவை விவசாயி தாங்குவாரா என்பது நியாயமான கேள்வி. ஆனால் இந்த நஞ்சைக் கவனிக்காமல் விட்டதன் விலை அதைவிடப் பெரிது. 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்சமஹாலிலும் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தார்கள், நாய்களும் செத்தன. ஆபத்து ஈரத்தில் தொடங்குகிறது. ஐப்பசி மழைக்குப் பயந்து தார்ப்பாய் போட்டு மூடிய குவியலுக்குள் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். பூஞ்சணத்துக்கு அதுவே போதும். மக்காச்சோளத்தின் ஈரப்பதம் 13 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சணம் வளர வழியில்லை. ஈரப்பதத்தை அளக்கும் மானி கையடக்கக் கருவிதான், நொடியில் காட்டிவிடும். விவசாயி தனியாக வாங்க வேண்டியதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் மானியும் உலர்த்தியும் வைத்து, நன்றாகக் காய்ந்த சரக்குக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். இப்போது ஈரம் எடையைக் கூட்டுகிறது. காயவைத்தவருக்கு எடை குறைந்து நட்டம். அந்தக் கணக்கை மாற்றாமல் ஆய்வகங்களை மட்டும் பெருக்கினால், கெட்டுப்போன பிறகு கண்டுபிடிப்பதே வேலையாகிவிடும்.