கண்ணாடித் தொட்டியிற் சிக்லிட் குடித்தனம்

1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பெற்று, இன்று குளங்களிலெல்லாம் பெருகிக் கறிச்சட்டிக்கும் வந்துவிட்ட திலாப்பியாவை அறியாதார் இலர். நமது களப்புகளில் வாழ்வதும் சிங்கள மக்கள் கொரலியா என வழங்குவதுமான மீன் அதன் உறவினமே. இவையடங்கிய பெருங் குடும்பத்தை விலங்கியலார் சிக்லிட் என்பர். அலங்கார மீன் கடைகளிற் கண்ணைக் கவரும் ஏஞ்சல், டிஸ்கஸ், ஒஸ்கார் முதலியனவும் இக்குடும்பத்தனவே.

அழகில் மயங்கி, வகைக்கொன்றாக வாங்கி வந்து ஒரே தொட்டியில் விடுவோர் பலர். சின்னாட்களிற் செட்டை கிழிந்த மீன்கள் மூலையில் ஒதுங்கக் கண்டு பிள்ளைகள் வருந்துவர். ஆற்றிலே தோற்ற மீன் ஓடித் தப்பும். நான்கு கண்ணாடிச் சுவர்களினுள் அதற்குப் போக்கிடம் ஏது?

இவற்றின் போர்க்குணத்துக்குப் பிள்ளைப் பாசமும் ஒரு காரணம் என்றால் வியப்பாகத் தோன்றலாம். மீன்கள் பல முட்டையிட்டதும் அகன்றுவிட, சிக்லிட்டுகளோ முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கின்றன. ஏஞ்சல் இணை அகன்ற இலையில் முட்டையிட்டுக் காக்கும். ஆபிரிக்காவின் மலாவி ஏரி மீன்களில், தாய் தன் வாயினுள்ளேயே முட்டைகளை அடைகாக்கும். காக்கவேண்டிய பொருள் உண்டானதும் எல்லையும் உண்டாகிறது. நேற்றுவரை சாதுவாயிருந்த இணை, தொட்டியிற் பாதியைத் தன் காணியாக்கி மற்றவற்றைத் துரத்தும். (வேலிச் சண்டை நமக்குப் புதிதன்றே!)

ஆதலின் வாங்குமுன் ஆராய்தல் நன்று. முதலில் நமது கிணற்று நீரை நோக்குவோம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கற் படையில் ஊறும் நீர் கடினமானது. அமேசன் ஆற்று டிஸ்கஸும், ஒரினோக்கோச் சமவெளியின் ராம் எனுஞ் சிறுமீனும் மென்னீருக்குப் பழகியவை, அங்கு நலிவுறும். மலாவி மீன்களுக்குக் கடினநீர் உகந்ததே. எனினும் அவற்றுட் பெரும்பாலானவை சண்டைக்காரர். தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலே வளர்க்கப்பெற்ற ஏஞ்சலோ ஓரளவு கடினநீரையும் பொறுக்கும்.

உடலளவும் கருதத்தக்கது. கடையில் விரலளவாய் நிற்கும் ஒஸ்கார் 30 சென்ரிமீற்றர் வரை வளர்ந்து, வாய்க்கு அடங்கும் மீனையெல்லாம் விழுங்கும். அதனை இவ்வகைத் தொட்டிக்கு நாம் விதந்துரையோம்.

200 லீற்றருக்குக் குறையாததும் 45 சென்ரிமீற்றர் உயரமுடையதுமான தொட்டியில், ஏஞ்சற் குஞ்சுகள் ஐந்தாறும், கீஹோல் எனப்படும் கூச்சமுள்ள சிக்லிட் ஓரிணையும் விடுவதே எமது தெரிவு. மென்னீர் கிடைக்கும் ஊரவர், நீரின் வெப்பம் 27 பாகைக்குக் குறையாதிருப்பின், கீஹோலுக்குப் பதிலாக ராம் இணையொன்றை வைக்கலாம். நியோன் டெட்ரா வேண்டா. வளர்ந்த ஏஞ்சலுக்கு அது இரையாகும். ஏஞ்சல்கள் வளர்ந்து இணைசேர்ந்ததும் எஞ்சியவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுதல் வேண்டும்.

ஒன்றையொன்று எந்நேரமும் காணாதிருக்க, மரவேர்களையும் கற்களையும் அகன்ற இலைச் செடிகளையும் இடையிடையே அமைக்க. பின்னர் புதுமீன் விடுவதாயின், கற்களை இடம்மாற்றி, விளக்கை அணைத்தபின் விடுக. பழைய மீன்கள் தம் எல்லையைத் தேடித் திரியும் வேளையில், வந்தவனும் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்வான்.