பிள்ளைகளை வரவிட்ட வசனங்கள்

மாற்கு சுவிசேஷம் பத்தாம் அதிகாரத்தில் 13 முதல் 16 வரை நான்கே வசனங்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களைச் சீடர்கள் அதட்டுகிறார்கள். இயேசுவுக்குக் கோபம் வருகிறது. பிள்ளைகளை வரவிடச் சொல்லி, அணைத்துக்கொண்டு, கைவைத்து ஆசீர்வதிக்கிறார். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்ற வழக்கில் இரு தரப்பும் இந்த வசனங்களையே கையில் எடுத்தன. அந்த வழக்கில் உயிர்கள் போயின.

அன்று

1520-களில் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சபைச் சீர்திருத்தத்தை முன்னின்று நடத்தியவர் உல்ரிக் சுவிங்லி. இஸ்ரவேலின் ஆண் குழந்தைகளுக்கு விருத்தசேதனம் எப்படியோ, கிறிஸ்தவர்களின் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அப்படி என்றார் அவர். இயேசுவே சேர்த்துக்கொண்டவர்களை நாம் தள்ளிவைக்கலாமா என்பது அவர் வாதம். லூதர் 1523-இல் வெளியிட்ட ஞானஸ்நான முறைமையிலும் இந்தப் பகுதி வாசிக்கப்பட்டது. ஆங்கிலிக்கன் சபையின் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் குழந்தை ஞானஸ்நானத்துக்குரிய சுவிசேஷ வாசிப்பும் இதுவே.

சுவிங்லியின் வட்டத்தில் வேதம் பயின்ற ஃபெலிக்ஸ் மான்ஸ், கொன்ராட் கிரேபல் போன்ற இளைஞர்கள் இதை வேறு விதமாக வாசித்தார்கள். இயேசு கைவைத்து ஆசீர்வதித்தார். அங்கே தண்ணீர் இல்லை. தேவனுடைய ராஜ்யம் பிள்ளைகளுடையது என்று அவரே சொன்ன பிறகு, அவர்களுக்கு அவசரமாக எந்தச் சடங்கும் வேண்டியதில்லை. ஞானஸ்நானம், விசுவாசித்துத் தானே கேட்டு வருகிறவருக்குரியது. 1525 ஜனவரி 21 அன்று அவர்கள் ஒருவருக்கொருவர் மீண்டும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். அனபாப்டிஸ்ட் இயக்கம் அங்கே பிறந்தது.

அந்நாளில் ஊரும் சபையும் ஒன்று. ஊரில் பிறந்த குழந்தை சபையிலும் பிறந்தது. குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்தவன் ஊரையே மறுத்தவனாகத் தெரிந்தான். மறுஞானஸ்நானம் கொடுப்பவரை நீரில் மூழ்கடிக்கவேண்டும் என 1526 மார்ச்சில் நகர மன்றம் ஆணையிட்டது. 1527 ஜனவரி 5 அன்று மான்ஸைப் படகில் ஏற்றி லிம்மத் ஆற்றுக்குள் கொண்டுபோனார்கள். கட்டிய கைகளை முழங்கால்களுக்குக் கீழே இறக்கி, இடையே ஒரு கம்பைச் செருகி, அப்படியே தண்ணீரில் தள்ளினார்கள். செய்தவர்களும் வேதத்தையே ஆதாரமாகக் கொண்ட சீர்திருத்தக்காரர்கள்.

இன்று

மான்ஸ் மூழ்கடிக்கப்பட்ட இடத்துக்கு எதிரே, ஆற்றங்கரையில் 2004-இல் ஒரு நினைவுக்கல் பதிக்கப்பட்டது. 1527-க்கும் 1532-க்கும் இடையே அங்கே கொல்லப்பட்ட ஆறு பேரையும், 1614-இல் சூரிக்கில் கடைசியாகக் கொல்லப்பட்ட அனபாப்டிஸ்டான ஹான்ஸ் லாண்டிஸையும் அது குறிக்கிறது. அதே 2004-இல் சூரிக் சீர்திருத்தச் சபை தன் முன்னோர் செய்ததை வெளிப்படையாகப் பாவமென்று அறிக்கையிட்டது. 2010-இல் ஸ்டுட்கார்ட்டில் கூடிய லூத்தரன் உலகப் பேரவை, அனபாப்டிஸ்டுகளின் வழிவந்த மெனோனைட் சபையினரிடம், தன் முன்னோரும் துன்புறுத்தியதற்காக மன்னிப்புக் கேட்டது.

வாசிப்புகளும் அசைந்திருக்கின்றன. சுவிங்லியின் மரபில் வந்த கார்ல் பார்த், குழந்தை ஞானஸ்நானத்தை 1943-லேயே கடுமையாகக் கேள்வி கேட்டார். கத்தோலிக்கரிடையே, திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தைகள் ‘லிம்போ’ என்ற இடத்துக்குப் போவதாக நூற்றாண்டுகளாகப் போதிக்கப்பட்டது. எத்தனை தாய்மார்கள் அந்தப் போதனையைச் சுமந்து அழுதிருப்பார்கள்! 1992-ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் இதே மாற்கு வசனத்தைச் சுட்டி, அந்தக் குழந்தைகளின் மீட்புக்கு நம்பிக்கை வைக்கலாம் என்கிறது. குழந்தைகளைத் திருமுழுக்குக்குக் கொண்டுவரத் தடை செய்யாதீர்கள் என்று வற்புறுத்தவும் அந்நூல் அதே வசனத்தை எடுத்துக்கொள்கிறது.

நம் நாட்டில் 1970 நவம்பர் 29 அன்று நாக்பூரில் உருவான வட இந்தியத் திருச்சபையில் ஆங்கிலிக்கன் சபையாரும் பாப்டிஸ்டுகளும் ஒன்றாக இணைந்தார்கள். குழந்தை ஞானஸ்நானம், விசுவாசி ஞானஸ்நானம் இரண்டுக்கும் ஒரே சபையில் இடம் கிடைத்தது.

வழக்கு தீர்ந்துவிடவில்லை. குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் வளர்ந்தபின் மறுபடி கேட்டால் என்ன செய்வது என்பது இன்றும் முள்தான். தமிழ்நாட்டிலேயே, சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளை பெந்தெகொஸ்தே சபையில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தால் குடும்பத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோவதுண்டு. ஆலயத்தில் ஞானஸ்நானத் தொட்டியருகே நிற்கும் பெற்றோரும், ஞானஸ்நானத்துக்குப் பதிலாகப் பிள்ளைப் பிரதிஷ்டைக்குக் குழந்தையைப் போதகர் கையில் கொடுக்கும் பெற்றோரும் கேட்பது இதே வசனங்களைத்தான்.

கிருபை நம்மை முந்திக்கொள்கிறது என்கிறது ஒரு வாசிப்பு. அந்தக் கிருபைக்கு மனிதன் தன் வாயால் பதில் சொல்லவேண்டும் என்கிறது மற்றது. இரண்டும் மெய்யாகவே அந்தப் பகுதியில் உண்டு. ஆகவே கருத்து வேறுபாடு இருக்கட்டும். வேதத்தைக் கருத்தாகப் படிக்கிறவர்களிடையே அது இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வசனங்களில் இயேசு கோபப்பட்டது, தம்மிடம் வருகிறவர்களைத் தடுத்தவர்கள்மேல். எந்தப் பக்கம் நின்று வாசித்தாலும் அந்த வரி முதலில் நம்மைப் பார்த்துத்தான் பேசுகிறது.