பாதிப் படிப்பில் கல்லூரி மாறலாமா? முலுண்ட் குடும்பங்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

முதலாண்டு முடிந்த கையோடு வேறு கல்லூரிக்கு மாற நினைக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஜூன், ஜூலை மாதங்களில் நிம்மதி இருக்காது. மும்பையின் முலுண்ட் கிழக்கில் மிட்டாகர் சாலையில் வஜே கல்லூரி, மேற்கில் முலுண்ட் காமர்ஸ் கல்லூரி என்று பக்கத்திலேயே படிப்பு இருந்தாலும், ஆசை வித்யாவிஹார், சயான், மாட்டுங்கா என்று மத்திய ரயில் பாதையோடு போகிறது. சில தமிழ் வீடுகளில் "பேசாமல் ஊருக்கே அனுப்பிவிடலாமா?" என்ற பேச்சும் உண்டு. மாறுவதில் தவறில்லை. ஆனால் இடம் கிடைக்குமா என்று விசாரிக்கிற அளவுக்கு, இதுவரை படித்தது அங்கே கணக்கில் வருமா என்று பலரும் விசாரிப்பதில்லை. ஓராண்டு வீணாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

எல்லாம் மும்பைப் பல்கலைக்கழகம்தானே, கல்லூரி மாறுவதில் என்ன சிக்கல்?

எல்லாம் மும்பைப் பல்கலைக்கழகம் அல்ல என்பதுதான் முதல் சிக்கல். சிடன்ஹாம், எல்ஃபின்ஸ்டன் கல்லூரிகள் இப்போது டாக்டர் ஹோமி பாபா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. கே.சி., எச்.ஆர். கல்லூரிகள் எச்.எஸ்.என்.சி. பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. வித்யாவிஹார் சோமையா வளாகத்தில் 2019 முதல் தனிப் பல்கலைக்கழகமே இயங்குகிறது. எனவே நீங்கள் கேட்கும் கல்லூரி, நீங்கள் கேட்கும் படிப்பு, எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே பல்கலைக்கழகத்துக்குள் மாறினால் 'டிரான்ஸ்ஃபரன்ஸ்' சான்றிதழ் போதும். வெளியே போனால் 'மைக்ரேஷன்' சான்றிதழ் வேண்டும், புதிய இடத்தில் தகுதிச் சான்றும் கேட்பார்கள்.

இரண்டாவது சிக்கல் பாடத்திட்டம். வஜே, முலுண்ட் காமர்ஸ் இரண்டுமே தன்னாட்சிக் கல்லூரிகள். தன்னாட்சி என்றால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே வகுத்துக்கொள்ளும். மகாராஷ்டிராவில் புதிய கல்விக் கொள்கையின்படியான பாடமுறை தன்னாட்சிக் கல்லூரிகளில் 2023-24லும் மற்றக் கல்லூரிகளில் 2024-25லும் வந்தது. ஒரு செமஸ்டருக்கு 22 கிரெடிட், முதலாண்டுக்கு 44 என்ற கணக்கு பெரும்பாலான இடங்களில் ஒன்றுதான். ஆனால் அந்த 44க்குள் இருக்கும் பாடங்கள் ஒன்றல்ல. உங்கள் மகள் இங்கே எடுத்த துணைப்பாடம் அங்கே இல்லாமல் போகலாம். அப்படியானால் விடுபட்ட முதலாண்டுப் பாடங்களை இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்து எழுத வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஏ.டி.கே.டி. (தேறாமல் நிலுவையில் உள்ள தாள்) இருந்தால் சுமை இரட்டிப்பாகும். இரண்டு செமஸ்டர் மார்க் ஷீட்டையும் பாடத்திட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அந்தத் துறைத் தலைவரைப் பாருங்கள். எந்தெந்தத் தாள்களை ஏற்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அலுவலகத்தில் யாரோ "அட்ஜஸ்ட் ஆகிவிடும்" என்று சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கிரெடிட் வங்கி வந்துவிட்டதே, அது தானாக மாற்றிவிடாதா?

மாற்றாது. பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் கொண்டுவந்த கல்விசார் கிரெடிட் வங்கி உங்கள் பாஸ்புக் மாதிரி. எவ்வளவு இருக்கிறது என்று காட்டும், அதைக் கண்டிப்பாக ஏற்க வேண்டும் என்று எதிரில் இருப்பவரைக் கட்டாயப்படுத்தாது. கிரெடிட்டுகள் அதிகபட்சம் 7 ஆண்டு செல்லும். இன்னொரு நிபந்தனையைப் பலரும் கவனிப்பதில்லை: பட்டம் தருகிற நிறுவனத்திலேயே குறைந்தது பாதிக் கிரெடிட்டுகளை ஈட்டியிருக்க வேண்டும். மூன்றாண்டுப் படிப்புக்கு 132 கிரெடிட் என்றால், பாதி 66. இரண்டாண்டு முடித்து 88 கிரெடிட்டோடு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால், மீதி 44ஐ மட்டுமே அங்கே ஈட்ட முடியும். கணக்கு இடிக்கிறது. அதனால் பல்கலைக்கழகம் மாறுவதாக இருந்தால் முதலாண்டு முடிவில் மாறுவதே சரி. மூன்றாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

ரிசல்ட் வரவில்லை, புதிய கல்லூரியோ மார்க் ஷீட் கேட்கிறது. என்ன செய்வது?

மும்பைக்காரர்களுக்கு இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 2017இல் மும்பைப் பல்கலைக்கழகம் விடைத்தாள்களைக் கணினித் திரையில் திருத்தும் முறையை அவசர அவசரமாகப் புகுத்தியது. 477 தேர்வுகள், 17 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைத்தாள்கள். ஜூலை 31க்குள் எல்லா முடிவுகளையும் வெளியிடுங்கள் என்று ஆளுநர் கெடு விதித்தார். கெடு தாண்டியது, சில முடிவுகள் செப்டம்பர் வரை இழுத்தன. மேற்படிப்புக்கு வெளியூரிலும் வெளிநாட்டிலும் இடம் வாங்கியிருந்த மாணவர்கள் கையில் மார்க் ஷீட் இல்லாமல் தவித்தார்கள். அக்டோபரில் துணைவேந்தர் சஞ்சய் தேஷ்முக் பதவி நீக்கப்பட்டார். மாணவர்கள் இழந்த இடத்தை அது திருப்பித் தந்துவிடவில்லை.

மகாராஷ்டிரப் பொதுப் பல்கலைக்கழகங்கள் சட்டம், 2016 தேர்வு முடிவுகளை 30 நாளுக்குள், மிஞ்சிப்போனால் 45 நாளுக்குள் வெளியிடச் சொல்கிறது. அந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி உங்கள் கல்லூரி முதல்வரிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: இந்த மாணவர் தேர்வு எழுதிவிட்டார், முடிவு நிலுவையில் இருக்கிறது என்று. கூடவே போனஃபைடு சான்றிதழும் முதல் செமஸ்டர் மார்க் ஷீட்டும். பல இடங்களில் இவற்றை வைத்துத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்தத் தற்காலிகம் எந்தத் தேதி வரை என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அங்கே பதில் வரவில்லை. இங்கே கட்டணம் கட்டக் கடைசி நாள் வந்துவிட்டது.

இருக்கிற இடத்தில் கட்டிவிடுங்கள். தயக்கமே வேண்டாம். மாறுதல் இடம் என்பது யாரோ ஒருவர் விட்டுப்போனால் மட்டுமே உண்டாகிற இடம். அது எப்போது காலியாகும் என்று அந்தக் கல்லூரிக்கே கடைசிவரை தெரியாது. நம்பிக் காத்திருந்து இரண்டும் இல்லாமல் போவதுதான் மிக மோசமான முடிவு.

கட்டிய பணம் முழுதும் போய்விடாது. மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிக்கையின்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும். செயல்முறைச் செலவாக 5 விழுக்காடு, அதுவும் 5,000 ரூபாய்க்கு மேற்படாமல், பிடிக்கலாம். அந்த 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு. கடைசி நாளுக்குப் பின் 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதற்கு மேல் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் குழு இதைவிடத் தாராளமாக அறிவித்ததும் உண்டு: 2024-25இல் செப்டம்பர் 30 வரை முழுத் தொகை, அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய் மட்டும் பிடித்தம். எந்த ஆண்டு விலகுகிறீர்களோ அந்த ஆண்டின் அறிவிப்பைப் பாருங்கள். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்கு இது பொருந்தாது என்று கல்லூரி வாதிடலாம். வாயால் பேசாமல் எழுத்தில் விண்ணப்பித்து, தேதியிட்ட முத்திரையோடு நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே அறிவிக்கை மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். "ஒரிஜினலைக் கொடுத்தால்தான் அட்மிஷன், விலகினால் மூன்று வருடப் பணத்தைக் கட்டு" என்று மிரட்டுவது விதிமீறல். முன்கூட்டி வாங்கக்கூடியது ஒரு செமஸ்டரின் அல்லது ஒரு ஆண்டின் கட்டணம் மட்டுமே.

இன்னொரு எச்சரிக்கை. புதிய இடம் எழுத்தில் உறுதியாகும் வரை மைக்ரேஷன் சான்றிதழோ டிரான்ஸ்ஃபரன்ஸ் சான்றிதழோ வாங்காதீர்கள். அதை வாங்கிய நிமிடமே இங்கே உங்கள் இடம் போய்விடும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிக்கு மாற்றினால்?

மும்பைப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் ஒரே ஆண்டில், 1857இல், பிறந்தவை. ஆனால் பாடமுறை இன்று வேறு திசையில் இருக்கிறது. தமிழ்நாடு புதிய கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. அங்கே கலை, அறிவியல் பட்டத்தில் பகுதி ஒன்று மொழிப்பாடம், பகுதி இரண்டு ஆங்கிலம், பிறகு முதன்மைப் பாடங்கள். இங்கே முதலாண்டு படித்த பிள்ளையிடம் பகுதி ஒன்றுக்கு ஈடான தாள்கள் இருக்காது. அவற்றையும் எழுத வேண்டும். பள்ளியில் தமிழே படிக்காமல், பகுதி ஒன்றுக்கும் வேறு மொழி எடுத்தால் 'அடிப்படைத் தமிழ்' என்று தனித்தாள் உண்டு. முலுண்டில் இந்தி, மராத்தி எடுத்துப் படித்த நம் பிள்ளைகள் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. வீட்டில் பேசுகிற மொழியை எழுதக் கற்க அது நல்ல வாய்ப்பு என்றே சொல்வேன்.

புதிதாக முதலாண்டிலேயே பொறியியல் சேர நினைத்தால், தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும் இருப்பிடச் சான்றிதழோடு கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் புதுமைப்பெண் உதவித்தொகையும் தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கானவை. தாராவி மாநகராட்சிப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, அவள் எவ்வளவு ஏழையாக இருந்தாலும், அவை கிடைக்காது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. விதி அப்படித்தான் இருக்கிறது.

சாதிச் சான்றிதழ் எந்த மாநிலத்தில் செல்லும்?

இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு நடுவே முடிவெடுக்கும்போது பல தமிழ்க் குடும்பங்களுக்கு இதுவே முடிவான கேள்வி. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராக இருப்பவர் இன்னொரு மாநிலத்தில் அந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2018 ஆகஸ்டில் பீர் சிங் வழக்கில் உறுதி செய்தது. மகாராஷ்டிராவில் பட்டியல் சாதிச் சான்று வேண்டுமானால் உங்கள் சாதி இந்த மாநிலப் பட்டியலில் இருக்க வேண்டும், குடும்பம் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே இங்கே குடியிருந்ததற்கு ஆதாரமும் வேண்டும். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு அந்தத் தேதி 1967 அக்டோபர் 13. தாத்தாவின் பழைய ரேஷன் கார்டு, மில் வேலைச் சீட்டு, முனிசிபல் பள்ளிப் பதிவேடு எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். ஆதாரம் இல்லாதவர்கள் மும்பையில் பொதுப்பிரிவில்தான் போட்டியிட வேண்டும். தமிழ்நாட்டில், அப்பாவின் சொந்த ஊர்த் தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்று பெற்றால், 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின் கீழ் வரலாம். கட்டணம், உதவித்தொகை, விடுதி எல்லாக் கணக்கும் இதனால் மாறும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றல் கேட்டிருக்கிறோம்...

அங்கே காத்திருப்புக்குத் தேதி உண்டு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாற்றல் மாணவர்களுக்கு ஏப்ரல் முடிவுக்குள் பதில் வந்துவிடும். ஜூன் 1க்குள் நீங்கள் சம்மதம் சொல்ல வேண்டும். நமது கல்லூரிகளும் இப்படி ஒரு தேதியை அறிவித்தால் எத்தனை குடும்பங்களின் அலைச்சல் மிச்சமாகும்!

இரண்டு இடத்திலும் கிடைத்துவிட்டது. எதை எடுக்க?

பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு, எங்கே அதிகத் தாள்களை ஏற்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்தது பயணம். முலுண்டிலிருந்து மாட்டுங்கா ஒரே ரயில். சர்ச்கேட் என்றால் தாதரில் இறங்கி மாற வேண்டும், காலை ஏழு மணி வகுப்புக்கு அது தினசரி வேதனை. மூன்றாவதாக, சென்ற ஆண்டு அதே துறைக்கு மாறி வந்த மாணவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். முதலாண்டுத் தாள்களை முடிக்க அவருக்கு எவ்வளவு காலம் பிடித்தது, வளாக வேலைவாய்ப்புக்கு அவரை அனுமதித்தார்களா என்ற இரண்டையும் கேளுங்கள். அலுவலகக் கவுன்டரில் கிடைக்காத பதில் அவரிடம் கிடைக்கும். முடிவெடுத்ததும், எடுக்காத இடத்துக்கு அன்றே எழுதி விலகிக்கொள்ளுங்கள். அந்த ஒரு இடத்துக்காகப் பாண்டுப்பிலோ தாணேயிலோ இன்னொரு பிள்ளை காத்திருக்கலாம்.