சைக்கிளில் வேலைக்குப் போறீங்களா? பையை எங்கே மாட்டுவது?

கும்மிடிப்பூண்டியில் ரயிலை விட்டு இறங்கி, சிப்காட்டுக்கு சைக்கிள் மிதிப்பவர் கையில் என்ன இருக்கும்? டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சேஃப்டி ஷூ, மாற்றுச் சட்டை. சிலருக்கு லேப்டாப்பும்.

கைக்கு எட்டுகிறதே என்று பையை ஹேண்டில்பாரில் தொங்கவிடுவது சுலபம். இருப்பதிலேயே ஆபத்தானதும் அதுதான். பை ஆடினால் ஹேண்டிலும் இழுபடும். பையின் காது ஸ்போக்ஸ் கம்பியில் சிக்கினால் முன்சக்கரம் சட்டென நின்று, ஆளை முன்பக்கமாகத் தூக்கி வீசிவிடும். சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை 16-ல், பக்கத்திலேயே டிரெய்லர் லாரி போகும்போது இது நடந்தால்?

முதுகுப் பை லேப்டாப்புக்கு நல்லது. பள்ளத்தின் அதிர்வை உடம்பு வாங்கிக்கொள்ளும். ஆனால் ஷிஃப்ட் தொடங்கும் முன்பே சட்டை நனைந்துவிடும். மே மாசம் கேட்கவே வேணாம். கனமும் சேர்ந்தால் தோள் வலிக்கும், திருப்பத்தில் பேலன்ஸ் தடுமாறும்.

அதனால் கனமானதெல்லாம் பின் கேரியருக்கு. பழைய டியூப்பை வெட்டிக் கட்டும் நம்ம ஊர் முறையே போதும். தொங்கும் நுனியை மட்டும் உள்ளே செருகிவிடுங்கள். கேரியரின் பக்கவாட்டில் மாட்டும் பை இன்னும் நல்லது, எடை தாழ்வாக இறங்கும். வாங்கும் முன் மாட்டி, மிதித்துப் பாருங்கள். குதிகால் இடித்தால் பையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஒரே பை என்றால் இடப்பக்கம். லாரிகள் பெரும்பாலும் வலப்பக்கம்தான் கடக்கும்.

நைட் ஷிஃப்ட்காரர்கள் இன்னொன்றும் பார்க்கணும்: பின்னால் உள்ள சிவப்பு ரிஃப்ளெக்டரைப் பை மறைக்கிறதா? மறைத்தால், பை மேலேயே ஒரு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.